ரெண்டு மிசினுக்கும் ஒரே நம்பரு

— லைன் போயிருச்சுக்கா. கொழும்புக்காரரு இப்பத்தான் விசயத்துக்கு வந்தாரு, அதுக்குள்ள கொர்ருன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

— இன்னொருக்கா சுத்திப் பாரு புள்ள.

— சுத்திச் சுத்தி வெரலு வலிக்குது. ஊருக்குள்ள போகுது, கொழும்புக்குப் போகமாட்டேங்குது. கலகக்காரனுங்க எங்கயாவது கம்பிய அறுத்துப் போட்டிருப்பானுங்க.

— நல்லா சிங்களத்துல பேசிக்கிட்டிருந்தியே. எனக்கு ‘நம்பர் நம்பர்’னு மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. என்னதான் சொன்னாரு அந்த ஜயவீர ஐயா?

— நா மொத நம்ம கதையச் சொன்னேன். ஆபிஸ்ல ஆளுக்கொரு கொம்பியூட்டரு, ரெண்டும் மனேஜர் ரூம்ல இருக்குற பெரிய மிசினுக்கு வயர்ல போகுது, ஒண்ண மட்டும் போட்டா ஓடுது, ரெண்டையும் சேத்துப் போட்டா ரெண்டுமே செத்துப்போகுதுன்னு சொன்னேன். வயர மாத்தி மாத்திச் சொருகிப் பாத்ததையும் சொன்னேன்.

— அதுக்கு?

— வயர்ல கோளாறு இல்ல தங்கச்சி, உள்ளுக்க இருக்குற கார்டுல பாருன்னாரு. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர் உண்டாம். பெரிய மிசின் அந்த நம்பர வச்சுத்தான் ஆள அடையாளம் புடிக்குமாம். ரெண்டு கார்டுக்கும் ஒரே நம்பரா இருந்தா ரெண்டும் முட்டிக்கிட்டு நிக்கும், ஒண்ண மாத்திருன்னாரு. அது எங்க இருக்குன்னு கேக்க வாயெடுத்தேன், லைன் போச்சு.

— கார்டுன்னா எது?

— மிசினுக்குப் பின்னால வயர் போய்ச் சொருகுதுல்ல, அது உள்ளுக்க ஒரு பச்சப் பலகையில போய் முடியுது. அதாங்கா கார்டு.

— அப்ப மிசின தொறக்கணுங்கிற.

— தொறக்கணும்.

— அந்த ஆளையே வரச் சொல்லக் கூடாதா? அவருதானே ரெண்டையும் மாட்டிட்டுப் போனாரு.

— எப்படி வருவாரு? அவிசாவளையிலிருந்தே ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டிருக்காம். நாளைக்கு லொறி வரும்போது காவலுக்கு ஆமிக்காரன் கூட வருவானாம். அதுக்கு முந்தி இவரால வர ஏலாது.

— நா சொல்றத கேளு பெற்றீசியா. இத விட்டுரு. ஞாயித்துக்கெழம பூசைய விட்டுட்டு நீ வந்திருக்க, புள்ளைகள பக்கத்து வீட்டு ராக்காயிகிட்ட விட்டுட்டு நா வந்திருக்கேன். கூப்பிட்ட, வந்தேன். பாத்தாச்சு. ஆகல. நாளைக்கு நடக்கிறது நடக்கட்டும்.

— நாளைக்கு என்ன நடக்கும்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே.

— தெரியாம என்ன. மனேஜர் எல்லாருக்கும் முன்னால நின்னுதானே சொன்னாரு. திங்கக்கெழம லொறி தேயிலப் பெட்டி ஏத்த வரும், ரெண்டு மிசினும் ஒண்ணா ஓடலன்னா ஒண்ணு அதுல கொழும்புக்குத் திரும்பிப் போகும், அந்த மிசின்ல இருக்குற ஆளுக்கும் இங்க வேல இல்லன்னு.

— அப்பறம் எப்படி விட்டுட்டுப் போறது?

— ஒம் மனசு எனக்கு வெளங்குது புள்ள. நேத்து ராத்திரி பூரா ஒன்னய நெனச்சேன். ஆனா கோவிச்சுக்காத, உள்ளதச் சொல்றேன். நா ரெண்டு வருசம் இந்த மிசின தனியா ஓட்டுனேன். ஒரு நா நின்னதில்ல. போன மாசம் ஒம் மிசின் வந்து எறங்குன நாள்லேர்ந்துதான் இந்தக் கூத்து. ஒம்மேல தப்பில்ல, மிசின்மேலதான் தப்பு. அது போகட்டும்.

— ஸ்குரூ டிரைவர் எங்கக்கா இருக்கு?

— நா என்ன சொல்லிக்கிட்டிருக்கேன், நீ என்ன கேக்குற?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஸ்குரூ டிரைவர்.

— பீரோவுல கீழ்த் தட்டுல இருக்கும். பியூஸ் போடுறதுக்குக் காவக்கார வீரய்யாண்ணே வச்சிருக்காரு. பிளக்க மொத கழத்து புள்ள, கரண்டு கிரண்டு அடிச்சுத் தொலைக்கப் போகுது.

— கழத்தியாச்சு. இங்க வந்து இந்த மூடிய புடிங்க. பின்னால இழுக்கணும். மெதுவா. ம், வந்துருச்சு.

— அடியாத்தி. உள்ளுக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. இவ்வளவு பெரிய பொட்டிக்குள்ள இத்தினி சாமான்தானா?

— இதோ பாருங்கக்கா, வயர் வந்து முடியிற எடம். இதுதான் கார்டு. ஒத்த ஸ்குரூவுலதான் நிக்குது. இழுக்கிறேன்.

— ஒடஞ்சிறாம.

— ஒடையாது. மாதாவே, வந்துருச்சு. வெளிச்சத்துக்கு வாங்க, சன்னல் பக்கம். நம்பர் எங்கயாவது தெரியுதா?

— இதோ வெள்ளத் தாள் ஒட்டியிருக்கு. நம்பர் நம்பரா ஓடுது. கடைசியில ஏழு.

— அதே மாதிரி ஒங்க மிசின்லயும் ஒண்ணு இருக்கும். அத எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் ரெண்டும் ஒண்ணா இல்லையான்னு தெரியும்.

— என் மிசின்லயா?

— ஆமாக்கா.

— அது மட்டும் முடியாது.

— அக்கா...

— இல்ல புள்ள. ஒன்னுத தொறந்த, நா ஒண்ணும் பேசல. எப்படியும் போகப்போற மிசின். என்னுத தொட விடமாட்டேன். நாளைக்குக் காலையில அது ஓடலன்னா நா என்ன பதில் சொல்லுவேன்? இருக்குற ஒரு நல்ல மிசினையும் ஒடச்சிட்டா நாகலெட்சுமின்னுதானே பேரு வரும்?

— ஒடையாதுன்னு நா சொல்றேன்.

— நீ சொல்லுவ. ஒங்கப்பா ரயில்வேயில இருக்காரு. குவாட்டர்ஸ் இருக்கு. ஒரு வேல போனா ஒனக்கு இன்னொண்ணு. கொன்வென்ட்ல படிச்சவ, மூணு பாசையும் வாய் நெறயப் பேசுற. எனக்கு அப்படியா? எங்க வீட்டுக்காரரு பேக்டரியில தேயிலக் கொழுந்து காயப்போடுற மாடியிலேர்ந்து விழுந்து இடுப்பு போயிக் கெடக்காரு. எந்திரிச்சு வாசலுக்கு வர்றதுக்கே அவருக்கு ரெண்டு பேரு தோள் வேணும். லயத்துல ஒத்த ரூம்புக் காம்பராவுல அஞ்சு சீவன் இந்த ஒரு மிசின நம்பித்தான் இருக்கு.

— அது தெரிஞ்சுதான்கா தொறக்கச் சொல்றேன்.

— என்ன பேச்சு இது? தெரிஞ்சுக்கிட்டே என் பொழப்புல கைய வைக்கச் சொல்றியா?

— பொறுங்கக்கா. கோவப்படாம கேளுங்க. எந்த மிசின் நல்லது, எது கெட்டதுங்கிற பேச்சே இல்ல இதுல. ரெண்டும் நல்ல மிசின்தான். தனியாப் போட்டா என்னுதும் ஓடுது, ஒங்களுதும் ஓடுது. ஒண்ண அனுப்பிட்டு ஒண்ண வச்சுக்கிறதுக்கு எந்த அவசியமும் இல்ல. ஒரு நம்பரு. அவ்வளவுதான். அதுக்காக ஒரு ஆளு வேலய விட்டுட்டுப் போறதா?

— நா ஒனக்கு ஒரு வழி யோசிச்சு வச்சிருக்கேன். கொன்வென்ட்ல டைப் சொல்லிக் குடுக்க ஆள் தேடுறாங்களாம். சிஸ்டர எனக்குத் தெரியும். நா வந்து பேசுறேன். காலு புடிக்கச் சொன்னாலும் புடிக்கிறேன்.

— எனக்கு அது வேணாம்கா.

— அப்ப என்னதான் வேணும்?

— ஒங்க மிசினோட கார்டு.

— தங்கச்சிமாரே, உள்ளுக்க இருக்கீங்களா?

— வாங்க வீரய்யாண்ணே. என்ன, கேட்ட பூட்டணுமா?

— அதுக்கில்லம்மா. ரேடியோவுல சொல்லிட்டான், பொழுது சாய ஊரடங்காம். பொகவந்தலாவ போற பஸ்ஸு ஸ்டாண்டுல நிக்குது. அதுதான் கடைசியாம், இதுக்கப்பறம் எடுக்கமாட்டானுங்க. நாகலெட்சுமி, நீ கெளம்பலன்னா மாட்டிக்குவ தாயி.

— இதோ கெளம்பிட்டேன்ணே. ட்ரைவர்கிட்ட கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க.

— நின்னா நிப்பான். சனம் இல்ல, கோவத்துல இருக்கான். இது என்ன, மிசினோட குடல உருவிப் போட்டிருக்கீங்க? மனேஜர் ஐயாவுக்குத் தெரியுமா?

— தெரியாதுண்ணே. நாளைக்குக் காலையில தெரிஞ்சா போதும்.

— என்னமோ ஒனக்குத் தைரியந்தான் பெற்றீசியா. நா கேட்டு வாசல்ல நிக்கிறேன்.

— நா வர்றேன் புள்ள. கொடைய எடு.

— இந்தாங்க.

— நீ என்ன பண்ணப்போற?

— நா இருக்கேன். ஒங்க மிசின ஒங்களக் கேக்காம தொட மாட்டேன். ஆனா இந்த நம்பர எழுதி வச்சுக்கிட்டு, லைன் வருதான்னு சுத்திக்கிட்டே இருப்பேன். விடியிற வரைக்கும் சுத்துவேன்.

— தனியாவா?

— தனியாத்தான்.

— நீ ஏன் புள்ள இப்படி இருக்க? வந்து ஆறு மாசம் ஆகல. வந்த அன்னிக்கு என் மிசினுக்குப் பக்கத்துல ஒனக்கு மேச போடுறாங்கன்னதும் எனக்கு வயிறெரிஞ்சுச்சு தெரியுமா? ஒரு வாரம் ஒங்கிட்ட நா மொகங்குடுத்துப் பேசல.

— தெரியும்.

— அப்பறமா என் மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தப்ப, நா வராத நாளெல்லாம் என் பெட்டிக் கணக்கையும் நீதான் அடிச்சு முடிச்சு வச்ச. மனேஜருக்குத் தெரியாம.

— அதெல்லாம் எதுக்குக்கா இப்ப? பஸ் ஆரன் அடிக்கிறான் பாருங்க.

— கேக்குது.

— போங்க. புள்ளைங்க தேடும்.

— ராக்காயி இருக்கா, பாத்துக்குவா. ஒங்க குவாட்டர்ஸ்ல நா படுக்க ஒரு பாய் கெடைக்குமா?

— கெடைக்கும். அம்மா சந்தோசப்படுவாங்க.

— நாளைக்கு நீ போனப்பறம் அந்தக் காலி நாக்காலியப் பாத்துக்கிட்டு நா எப்படி ஒக்காந்து தட்டுவேன்? கைதான் வருமா? வீரய்யாண்ணே, பஸ் போகட்டும். நா வரல. சொல்லிருங்க.

— அக்கா.

— தள்ளு. என் மிசின நானே தொறக்கிறேன். ஒடஞ்சா என் கையால ஒடையட்டும். எந்த ஸ்குரூ மொத?

— மேல இருக்குறது. இடது பக்கம் திருப்புங்க. ம். இப்ப அடுத்தது.

— அடுத்தது இறுகிக் கெடக்கு.

— அழுத்தித் திருப்புங்க. ஸ்குரூ கழலுதுல்ல.

— இந்தா, கார்டு. நீ படி, எனக்குக் கண்ணு கலங்குது. தாள்ல என்ன போட்டிருக்கு?

— ரெண்டு.

— என்ன ரெண்டு?

— கடைசியில ரெண்டு. என்னுதுல ஏழு, ஒங்களுதுல ரெண்டு. நடுவுலயும் வேற வேற. நம்பர் ஒண்ணா இல்லக்கா.

— இல்லையா?

— இல்ல.

— பாத்தியா. இதுக்குத்தான் சொன்னேன். பஸ்ஸும் போச்சு, ரெண்டு மிசினும் குடலத் தள்ளிக்கிட்டுக் கெடக்கு. இப்ப என்ன பண்ணப்போற?

— ஒரு நிமிசம்.

— என்ன ஒரு நிமிசம்?

— யோசிக்க விடுங்க. அவரு ‘மாத்திரு’ன்னாரு. ஒட்டுன தாள்ல இருக்குற நம்பர எப்படி மாத்த முடியும்? கிழிச்சுட்டு வேற தாளா ஒட்டுறது? மாத்துறதுன்னா கையால மாத்துற மாதிரி ஏதாவது இருக்கணும். இந்த நம்பரு அந்த நம்பரு இல்ல.

— பலகை முழுக்க கறுப்புக் கறுப்பா அட்டப்பூச்சி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு. இதுல எதக் கையால மாத்துறது? இரு, இது என்ன புள்ள?

— எது?

— இந்த ஓரத்துல. நீலமா ஒரு குட்டிப் பொட்டி. அதுல வெள்ள வெள்ளயா, பால் பல்லு மொளச்ச மாதிரி வரிசையா. நகத்தால தொட்டா அசையுது.

— அசையுதா? காட்டுங்க. அக்கா, இது சுவிச்சி. செவுத்துல இருக்குறது மாதிரிதான், இத்தினியூண்டு. ஒண்ணொண்ணும் மேலயும் கீழயும் போகும்.

— இதுவா நம்பரு? இதுல எழுத்தே இல்லையே.

— எழுத்து எதுக்கு? எது மேல இருக்கு, எது கீழ இருக்குங்கிறதுதான் நம்பரு. என் கார்டுலயும் அதே எடத்துல இருக்கு பாருங்க. ஒங்களுத வாசிங்க. இந்தப் பக்கத்துலேர்ந்து.

— மேல.

— என்னுதும் மேல.

— மேல. கீழ.

— மேல. கீழ.

— அடுத்து கீழ, அப்பறம் மேல.

— கீழ. மேல. அக்கா, நிறுத்தாதீங்க.

— மிச்சம் மூணும் கீழ. அவ்வளவுதான்.

— என்னுதும் மூணும் கீழ.

— எல்லாமே ஒண்ணா?

— எல்லாமே ஒண்ணு. அச்சு எடுத்த மாதிரி.

— அந்த மனுசன் ரெண்டையும் ஒரே மாதிரி வச்சு மாட்டிட்டுப் போயிருக்காரு. நா இத்தன நாளா ஒம் மிசினப் பழி சொல்லிக்கிட்டிருந்தேன்.

— இப்ப அத விடுங்க. எதாலயாவது தள்ளணும், வெரல் நொழயல. கொண்ட ஊசி இருக்கா?

— இந்தா. எத மாத்தப்போற?

— என் கார்டுல கடைசிச் சுவிச்சி. கீழ இருக்குறத மேல தள்ளுறேன். ஒங்களுத அப்படியே விட்டுருவோம். தள்ளியாச்சு. மாட்டுங்க ரெண்டையும்.

— மாட்டிட்டேன். மூடி?

— மூடி அப்பறம். பிளக்கக் குடுங்க. வீரய்யாண்ணே, மனேஜர் ரூம் சாவி வேணும், பெரிய மிசின போடணும்.

— தொறந்துதான் இருக்கும்மா. பாத்து.

— பெரிய மிசின் வந்துருச்சு. நீங்க ஒங்களுத மொத போடுங்கக்கா.

— போட்டேன். உள்ள விட என் பேரு கேக்குது. அப்பாடா, என்னுது ஒடையல.

— நா என்னுத போடுறேன்.

— என்னாச்சு?

— நிக்குது. ஒங்களுது?

— என்னுதும் அப்படியே கெடக்கு. எதத் தட்டுனாலும் அசையல.

— பொறுங்க, பெரிய மிசினப் பாத்துட்டு வர்றேன். அக்கா, அதுவும் நின்னுபோயிருக்கு. இது வரைக்கும் அது நின்னதே இல்ல.

— போச்சு. தேயிலக் கணக்கு பூரா அதுலதானே புள்ள இருக்கு.

— கணக்கு போகாது. அணைச்சுப் போட்டா வரும். ஆனா ஏன் நின்னுச்சு? மாத்தினோமே. மாத்தினதுக்கப்பறம் ஏன் நிக்கணும்?

— இரு. நா ஒண்ணு கேக்குறேன், சிரிக்காத.

— கேளுங்க.

— பெரிய மிசினுக்கும் வயர் போகுதுல்ல? அப்ப அதுக்குள்ளயும் ஒரு கார்டு இருக்கணும்ல? அதுக்கும் ஒரு நம்பரு இருக்குமே.

— இருக்கும்.

— இத்தன நாளும் நம்ம ரெண்டு பேருந்தான் முட்டிக்கிட்டோம், அது பாட்டுக்கு இருந்துச்சு. இப்ப நீ மாத்துனதும் அது நின்னுபோச்சு. நீ போயி அதோட நம்பர்ல குந்திட்ட புள்ள.

— அக்கா.

— தப்பா சொல்றேனா?

— இல்ல. சரியா சொல்றீங்க. நீங்க சொல்ற மாதிரித்தான் இருக்கணும். எல்லாத்தையும் அணைங்க. கார்ட மறுபடியும் கழத்துறேன்.

— ஊசி இந்தா. இந்தத் தடவ கடைசிச் சுவிச்சிய பழையபடி கீழ தள்ளிட்டு, அதுக்கு முந்துனத மேல தள்ளு. அப்ப என்னோடயும் முட்டாது, பெருசோடயும் முட்டாது.

— தள்ளியாச்சு. போடுங்க. பெருசு மொத.

— பெருசு வந்துருச்சு. என்னுது வந்துருச்சு, பேரு கேக்குது. இப்ப நீ போடு. போடு புள்ள, ஏன் கைய வச்சுக்கிட்டு நிக்கிற?

— பயமா இருக்குக்கா.

— இவ்வளவு நேரம் இல்லாத பயமா? போடு.

— போட்டுட்டேன்.

— என்னுது ஓடுது.

— என்னுதும் பேரு கேக்குது.

— நிக்கலையா?

— நிக்கல. ஒங்களுதுல ஒரு பெட்டிக் கணக்கு அடிங்க, எதையாவது. பெரிய மிசினுக்கு அனுப்புங்க.

— கந்தப்பள பேக்டரி, தூள், புதுப் பெட்டி. அனுப்பிட்டேன்.

— கந்தப்பள பேக்டரி. தூள். புதுப் பெட்டி. இங்க வந்துருச்சுக்கா. நா இதுல ஒரு வரி அடிக்கிறேன், ஒங்களுதுல பாருங்க.

— வருது. வருது புள்ள. ரெண்டும் ஓடுது.

— கொஞ்ச நேரம் ஓட விடுவோம்.

— ஓடட்டும். நா இப்படியே ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். வீரய்யாண்ணே, இங்க வந்து பாருங்க.

— என்னத்தம்மா பாக்குறது? ரெண்டுலயும் பச்ச எழுத்து ஓடுது.

— அதத்தான்ணே பாக்கச் சொல்றேன்.

— நீங்க பாத்துக்கிட்டிருங்கக்கா. நா மனேஜர் பங்களாவுக்கு ஒரு கோல் போட்டுட்டு வர்றேன். ஊருக்குள்ளதானே, போகும். ஹலோ, சார், நா ஆபிஸ்லேர்ந்து பெற்றீசியா பேசுறேன். ஞாயித்துக்கெழம தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். ரெண்டு கொம்பியூட்டரும் சேந்து ஓடுது. ஆமா சார், இப்ப, ரெண்டும் போட்டுத்தான் இருக்கு. இல்ல சார், கொழும்புலேர்ந்து யாரும் வரல. கார்டு ரெண்டுக்கும் ஒரே நம்பர் வச்சிருந்தாங்க, அத மாத்தியாச்சு. கண்டுபுடிச்சது நாகலெட்சுமி அக்கா சார். சுவிச்சிய மொத பாத்தது அவங்கதான். பெரிய மிசினோட முட்டுதுன்னு சொன்னதும் அவங்கதான். ஊரடங்குக்குக்கூட வீட்டுக்குப் போகாம இருந்து செஞ்சாங்க. அப்ப நாளைக்கு லொறியில மிசின் எதையும் ஏத்த வேணாம்ங்களா சார்? நீங்க வாயால சொல்லிருங்க சார், நா வீரய்யாகிட்ட சொல்லிர்றேன். ரெண்டு பேருமே இருக்கலாங்கிறீங்க. சரிங்க சார். நன்றிங்க சார்.

— என்ன புள்ள சொன்னாரு?

— லொறி பெட்டிய மட்டும் ஏத்திக்கிட்டுப் போகுமாம். காலையில வந்து பாக்குறாராம்.

— சாமி கண்ண தொறந்துருச்சு. ஆனா நீ பண்ணுனது தப்பு. ஏன் எம் பேரச் சொன்ன? கொழும்புக்காரர்கிட்ட டெலிபோன்ல அழுது கேட்டது நீ, தொறன்னு என்னோட மல்லுக்கு நின்னது நீ. நா பஸ்ஸுக்கு ஓட இருந்தவ. ஒம் பேரச் சொல்லியிருந்தா, போக வேண்டிய புள்ள இப்படிச் செஞ்சிருக்காளேன்னு அவரு மனசுல பதிஞ்சிருக்கும்ல. எம் பேரு அவருக்கு எதுக்கு?

— ஒங்க பேருதான்கா வேணும். நேத்து நீங்க பஸ்ஸுக்குப் போனப்பறம் மனேஜர் வந்து, லொறிக்குக் கட்டி வைன்னு என்கிட்ட சொல்லிட்டுப் போனது ஒங்க மிசினத்தான்.